வாடகை வீட்டைப் பார்வையிடப் போகிறீர்களா?

"சிப்காட்டுக்குப் போனது போக மீதமிருந்த இடத்தில் 8 அறைகள் கட்டி, ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நம்முடைய கட்டடம்தானே என்று நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாமா? போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"
- வாசகர், ஒரகடம்.

நினைத்த நேரத்தில் போகக் கூடாது. சொந்த வயலுக்கு நள்ளிரவில்கூடத் தண்ணீர் பாய்ச்சப் போகலாம். வாடகைக்கு விட்ட அறைக்கு அப்படிப் போக முடியாது. கட்டடம் உரிமையாளருடையது என்றாலும், வாடகைக் காலத்தில் அது குடியிருப்பவரின் வீடு.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, பழுது பார்க்கவோ பார்வையிடவோ போகும் உரிமையாளர் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருப்பது அவசியம். கிராம ஊராட்சியில் உள்ள வீடாக இருந்தாலும் இதே முறையைக் கடைப்பிடிப்பது நல்லது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள் பகலில்தான் தூங்குவார்கள். எனவே அவர்களைக் கேட்டு நேரம் குறிக்க வேண்டும். பெண்கள் தங்கியிருக்கும் அறை என்றால், வீட்டுப் பெண் ஒருவரையும் உடன் அழைத்துப் போவது முறை. பெட்டியைத் திறப்பது, யார் வந்து போகிறார்கள் என்று விசாரிப்பது எல்லாம் பார்வையிடுவதில் சேராது. பார்க்க வேண்டியவை இவைதான்.

குடிநீர்: மேல்நிலைத் தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்த தொட்டியில் டெங்கு கொசு முட்டையிடும்.

கழிவுநீர்: உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளியிருக்க வேண்டும். 2 பேருக்கான அறையில் 6 பேர் தங்கினால் கழிவுநீர்த் தொட்டி சீக்கிரமே நிரம்பும். அதைச் சுத்தம் செய்ய இயந்திர லாரியைத்தான் அழைக்க வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இறங்குபவரின் உயிருக்கும் ஆபத்து.

மின்சாரம்: ஒரே பிளக்கில் மின் அடுப்பு, ஹீட்டர் என்று பல இணைப்புகள் இருந்தால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

கூரை, சுவர்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் ஒழுகலையும் விரிசலையும் சரிசெய்துவிட வேண்டும்.

தங்குமிடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன உணவால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். அறைகளில் நெரிசல், சுகாதாரக் குறைவு என்ற புகார்கள் அப்போதுதான் வெளியே வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. அதற்குப் பிறகும் ஏராளமான தொழிலாளர்கள் உள்ளூர் வீடுகளில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள்.

பார்வையிட்டு முடிந்ததும், கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, எதை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் முன்பணத்தைத் திருப்பித் தரும்போது தகராறு வராது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. சட்டம் அதைத் தடை செய்கிறது.

நிலம் போன பிறகு பல குடும்பங்களுக்கு இந்த அறைகள்தான் மாதா மாதம் வரும் விளைச்சல். ஊர் விட்டு வந்து அவற்றில் தங்கியிருப்பவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். 3 மாதத்துக்கு ஒரு முறை, சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் இருவருக்கும் நிம்மதி.