யூ.வி பில்டரைக் கழட்டுங்க, ஹூட்டை மாட்டுங்க

எங்க வகுப்பிலேயே மூணு பேர் கையில பழைய மேனுவல் லென்ஸ் இருக்கு. ஒருத்தன்கிட்ட ரஷ்யாவோட ஹீலியோஸ் 58 எம்.எம், இன்னொருத்தன்கிட்ட நிக்கார் 50 எம்.எம் எஃப் 1.4. வாங்கின கையோட மூணு பேரும் செஞ்ச முதல் வேலை, முன்னாடி ஒரு மலிவு யூ.வி பில்டர் மாட்டினது. கேட்டா "பாதுகாப்பு"ங்கறாங்க. கடைக்காரர் சொல்லிட்டார், கல்யாண போட்டோ எடுக்குற அண்ணனும் சொல்லிட்டார், அப்புறம் அப்பீல் ஏது?

எஃப் 1.4 எதுக்கு வாங்குறோம்? வெளிச்சம் கம்மியான இடத்துக்கு. மண்டபத்து சீரியல் பல்பு, குத்துவிளக்கு, ராத்திரி தேர். இருட்டு நடுவுல பளிச்னு விளக்கு. சரியா அங்கதான் பில்டர் காலை வாருது. பூச்சு இல்லாத கண்ணாடியோட ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ரெண்டு பக்கத்துக்கு 8. அது போனாலும் போகட்டும். லென்ஸ்லயும் சென்சார்லயும் பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை இந்தத் தட்டைக் கண்ணாடி மறுபடி உள்ளே தள்ளுது. விளக்கு இடது மேல் மூலையில இருந்தா, வலது கீழ் மூலையில அதோட ஆவி தலைகீழா தொங்கும் :-)

எதிரொளிப்பைக் குறைக்குற பூச்சை ஸைஸ் கம்பெனியில அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடிச்சது 1935-ல. பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சோட லென்ஸ் கொண்டு வந்தது 1971-ல. அதுக்கு முந்தின லென்ஸ்ல பெரும்பாலும் ஒத்தைப் பூச்சுதான். பக்கவாட்டு வெளிச்சம் பட்டாலே படம் பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். அதைத் தடுக்க ஹூட்தான் வேணும். கீழே விழுந்தாலும் முதல் அடியை அது வாங்கும்.

யூ.வி வாதம் பிலிம் காலத்துக் கதை. டிஜிட்டல் சென்சார் முன்னாடியே யூ.வியைத் தடுக்குற கண்ணாடி இருக்கு.

"நம்ம ஊரு தோல் பாக்டரி ஊரு, தூசு, புகை, பில்டர் இல்லாம முடியாது"ன்னு ஒரு கட்சி. தூசுக்கு ஒரு மூடியும் ஊதுற பல்பும் போதும். பழைய லென்ஸைக் கொல்றது பூஞ்சை. அது ஈரத்துல வருது, பில்டர் அதைத் தடுக்காது. அதைவிடக் கொடுமை, ஈரத்தைப் பிடிச்சு வைக்குற தோல் உறைக்குள்ளயே வருஷக்கணக்கா லென்ஸைப் பூட்டி வைக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் இருந்துகிட்டு இதைச் சொன்னா அடி விழும், ஆனாலும் உண்மை.

கடல் உப்புக்காத்துல பில்டர் மாட்டுங்க, சண்டை இல்லை. உச்சி வெயில்ல எஃப் 1.4 திறக்கணும்னா என்.டி பில்டர் மாட்டுங்க. ஐ.எஸ்.ஓ 100-லயே சுமார் 1/12800 ஷட்டர் வேணும், பல பழைய பிலிம் கேமரா 1/1000-ல நின்னுடும். வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க.

பி.காம் படிக்கிற நாமளே, லாபத்தைக் குறைக்குற இன்ஷூரன்ஸுக்கு பிரீமியம் கட்டலாமா? அந்தக் காசுல ஒரு உலோக ஹூட் வாங்குங்க. ஏபிஎஸ்-சி கேமராவுல 50 எம்.எம், 75 மாதிரி வேலை செய்யுறதால 85-க்கான ஆழமான ஹூட்டே போடலாம். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒண்ணு எடுத்துப் பாருங்க, மூலை கறுத்தா அடுத்த சின்ன அளவு வாங்கிக்கலாம்.