மன்னார்க் கரைக்கும் வரட்டும் மின்வேதியியல்

சர்வதேச மின்வேதியியல் சங்கம் 1949இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் வருடாந்த மாநாடுகள் 2023இல் பிரான்சின் லியோன் நகரிலும், 2024இல் கனடாவின் மொன்றியலிலும், 2025 செப்டெம்பரில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் நடைபெற்றன. மின்கலம், உலோக அரிப்பு, நீர்ச் சுத்திகரிப்பு முதலியன அங்கு ஆராயப்படும் பொருள்கள். அவற்றை ஒருசேரக் காண விரும்புவோர் மன்னார்த் தீவுக்கு வந்தாலே போதுமானது.

முதலாவது, துரு. இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதியியல் நிகழ்வே. உப்பு நீர் அதை விரைவுபடுத்துகிறது. கொங்கிரீட்டினுள் ஊடுருவும் குளோரைட்டு, உள்ளிருக்கும் கம்பியையும் தின்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசெம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட புதிய பாலம் குறித்தும், திறப்பதற்கு முன்னரே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அரிப்புப் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தார். இக்கரையிலும் அதே உப்புக் காற்றுத்தான் வீசுகிறது. போரில் தகர்க்கப்பட்டு 2010இல் மீண்டும் எழுந்த மன்னார்ப் பாலமும், 2015இல் புத்துயிர் பெற்ற தலைமன்னார் ரயில் பாதையும் அதற்கு விதிவிலக்கல்ல.

இரண்டாவது, மின்சாரத்தைச் சேமித்தல். மன்னாரில் 2020 டிசெம்பரில் தொடங்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைப் பூங்காவின் 30 விசையாழிகளின் மொத்தத் திறன் 103.5 மெகாவாட். காற்றோ நமது தேவையைக் கேட்டு வீசுவதில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின் உற்பத்தியைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. சேமிப்பதற்குப் போதிய மின்கலங்கள் இருந்திருந்தால் அந்நிலை தவிர்க்கப்பட்டிருக்கும். அதே ஆண்டில், வெள்ளநீர் வடியும் வழிகள் அடைபடுவதாகவும் கடற்றொழில் பாதிக்கப்படுவதாகவும் கூறி, புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் பல வாரங்கள் போராடினர். அவர்களது அச்சத்துக்கு மின்கலம் மட்டும் மறுமொழி ஆகிவிடாது. எனினும், நிறுவப்பட்டவற்றின் மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்திய பின்னரே புதியவற்றைக் கோருவது நியாயமாகும்.

மூன்றாவது, உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் கிடைக்கும். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை செய்துவந்த பணி அதுவே. போர் அதை முடக்கியது. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நிலைக்கு, கடல் சூழ்ந்த இந்நாடு தள்ளப்பட்டது.

வழிகாட்டுதலுக்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கிவருகிறது. கடல்சார் அரிப்பை ஆராய்வதற்கென, மன்னார் வளைகுடாவின் அக்கரையில் மண்டபத்தில் அதற்கு ஓர் ஆய்வுக்கூடமும் உண்டு. யாழ்ப்பாணம், வவுனியாப் பல்கலைக்கழகங்கள் அந்நிலையத்துடன் கைகோத்து, மன்னார்க் கரையில் ஓர் அரிப்பு ஆய்வுக்கூடத்தை நிறுவ முன்வர வேண்டும். இரு நாட்டு அரசுகளும் அதற்கு நிதியும் அனுமதியும் வழங்குதல் அவசியம்.

துறைசார்ந்த சர்வதேச மாநாடொன்றை வடக்கில் கூட்டுவதும் வேண்டற்பாலதே. ஆனால் கட்டுரைகள் வாசிக்கப்பட்டு, விருந்துடன் கலைந்து செல்லும் கூட்டம் நமக்குத் தேவையில்லை. படகு இயந்திரத்தைத் துருவிடமிருந்து காப்பது எவ்வாறு, கிணற்றின் உவர்நீரைக் குடிநீராக்க ஆகும் செலவென்ன, மின்கலம் பழுதடைந்தால் அதன் நச்சுக் கழிவு எங்கே போகும் என்பவற்றுக்கு அங்கு விடை காணப்படவேண்டும். அவ்விடைகள் தமிழில் நூலாகி, மன்னார்க் கடற்றொழிலாளர் சங்கங்களையும் பாடசாலைகளையும் சென்றடைய வேண்டும். தங்கள் மண்ணில் எது நிறுவப்படுகிறது, ஏன் நிறுவப்படுகிறது என்பதை அறியும் உரிமை மன்னார் மக்களுக்கு உண்டு. அந்த உரிமையை மதித்து நடப்பதே அரசுக்கும் அறிஞர்களுக்கும் அழகு.