வழக்குப் பதிவேடும் கணினியும்

பெரிய ஸ்தாபனங்களிலும் அரசாங்க இலாகாக்களிலும் சட்டப் பிரிவு என ஒன்று உண்டு. வழக்குகள், நோட்டீசுகள், ஒப்பந்தங்கள், சட்ட ஆலோசனைகள் ஆகியவற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்து வருவது அதன் கடமை. இவ்வேலைக்கெனத் தனி மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, விற்பனையாளர் காட்டும் வசதிகளின் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. இம்முறை சரியன்று. தனது வேலை எந்த இடத்தில் தவறுகிறது என்பதைச் சட்டப் பிரிவு முதலில் கண்டறிந்து, அவ்விடத்தில் உதவும் சாதனத்தையே தேட வேண்டும்.

பெரும்பாலும் வேலை தவறும் இடம் சட்ட அறிவு அன்று; நாட்கணக்கே ஆகும். ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் விசேஷ அனுமதி மனு தாக்கல் செய்வதற்குப் பொதுவாக 90 நாள் கெடு உண்டு. தபால் இலாகா 427 நாள் தாமதித்து வந்த ஒரு விவகாரத்தில், 2012-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அதன் சமாதானத்தை ஏற்க மறுத்தது. கோப்பு பல மேஜைகளைக் கடந்து வர வேண்டியிருந்தது என்ற வாதம், நவீன சாதனங்கள் கிடைக்கும் காலத்தில் செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2020-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச அரசாங்கம் 663 நாள் தாமதத்துடன் வந்தபோது, அந்நீதிமன்றம் 25,000 ரூபாய் செலவுத் தொகை விதித்ததுடன், அதனைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்குமாறும் கட்டளையிட்டது.

கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் எளிய கேள்வியன்று. 1996-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டப்படி, மத்தியஸ்தரின் தீர்ப்பை ரத்துச் செய்யக் கோருவதற்கு அது கிடைத்த நாள் முதல் 3 மாதம் உண்டு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு அப்பால் ஒரு நாளும் இல்லை. தெற்கு ரயில்வே சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தீர்ப்பின் பிரதி முதலில் ஜெனரல் மானேஜரின் தபால் பிரிவில் சேர்ந்து, சில நாள் கழித்தே உரிய தலைமை என்ஜினியரை அடைந்தது. விவகாரத்தை நேரில் கவனித்த அதிகாரிக்குக் கிடைத்த நாளிலிருந்தே காலம் கணக்கிடப்பட வேண்டும் எனச் சுப்ரீம் கோர்ட்டு 2005-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆகவே, காகிதம் காரியாலயத்திற்கு வந்த நாளையும், பொறுப்பாளரின் கைக்குச் சேர்ந்த நாளையும் தனித்தனியே குறிக்க இடமில்லாத மென்பொருள், வேறு எத்தனை அலங்காரங்கள் கொண்டிருப்பினும் பயனற்றது.

இதிலிருந்து மற்றத் தேவைகளும் விளங்கும். ஒவ்வொரு விவகாரத்திற்கும் ஒரே எண்ணும், பெயர் குறித்த ஒரு பொறுப்பாளரும் இருத்தல் வேண்டும். அவர் விடுமுறையில் சென்றாலோ மாற்றப்பட்டாலோ, நினைவூட்டல் தானாகவே மேலதிகாரிக்குச் செல்ல வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் வழக்குகளுக்கு அளிக்கும் 16 இலக்க அடையாள எண்ணைப் பதிய வசதி இருந்தால், நீதிமன்றத் தகவலுடன் ஒத்துப் பார்ப்பது எளிதாகும். இரகசிய ஆலோசனைகளைச் சம்பந்தமில்லாதவர் காணலாகாது. மென்பொருளைக் கைவிட நேர்ந்தால், பதிந்த விவரங்கள் முழுவதையும் வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தேர்வுக்கு நல்ல உரைகல் ஒன்று உண்டு. முடிந்துபோன பத்துக் கோப்புகளை, தாமதத்தால் தோற்றது ஒன்றும் அவற்றுள் இருக்குமாறு எடுத்து, மென்பொருளில் பதிந்து பார்க்கலாம். அந்தத் தவறு நேருமுன் அது எச்சரித்திருக்குமா என்பதே கேள்வி. ஆண்டுக்குச் சில வழக்குகளே உள்ள சிறிய காரியாலயத்திற்கு ஒழுங்கான பதிவேடும் நாட்காட்டியும் போதும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வாங்குவதைவிட வழக்கத்திற்குக் கொண்டுவருவது கடினம். பழைய பதிவேட்டையும் புதிய மென்பொருளையும் முடிவின்றிச் சேர்த்து நடத்தினால், இரண்டும் அரைகுறையாகி, எதனையும் நம்ப முடியாமற் போகும். ஆகையால், சிறிது காலம் இரண்டையும் ஒத்துப் பார்த்தபின், குறித்த ஒரு தேதியில் பழையதை மூடிவிட வேண்டும். விவரம் பதியும் வேலையைக் குமாஸ்தாவிடம் மட்டும் விட்டுவிடாமல், விவகாரத்தை அறிந்த அதிகாரியே கெடு நாளைச் சரிபார்க்க வேண்டும். மேலதிகாரிகளும் வாராந்தரக் கூட்டத்தில் தனி அறிக்கை கேளாமல், மென்பொருளில் உள்ளதையே பார்த்து விவாதிக்க வேண்டும். தலைவர் பாராத பதிவேட்டைக் கீழுள்ளவர் நிரப்பமாட்டார்.

மத்திய அரசாங்கம் கட்சிக்காரராக உள்ள வழக்குகளை ஒரே இடத்தில் கண்காணிப்பதற்காக, சட்ட அமைச்சகம் லிம்ப்ஸ் என்னும் கணினி அமைப்பை ஏற்படுத்தியுள்ளது. இத்தகைய அமைப்பின் பயன், அதிகாரிகள் உரிய காலத்தில் சரியான விவரங்களைப் பதிவதைப் பொறுத்தது. கெடு நெருங்குவதை யந்திரம் அறிவிக்கும். அப்பீல் செய்வதா, தீர்ப்பை ஏற்று நிறைவேற்றுவதா என்பதை அக்கெடுவுக்குள் தீர்மானிக்க வேண்டியவர் அதிகாரியே.