நட்டவர் கூடவே இருக்க வேண்டும்

தச்சுப் பட்டறையில் வளர்ந்தவள் நான். பச்சை மரத்தில் உளி வைக்க அப்பா விடமாட்டார். காயக் காய வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும், செய்த வேலை வீணாகும். ஆனால் சிற்பி டேவிட் நாஷ் வேண்டுமென்றே பச்சை ஓக் மரத்தில் செதுக்குகிறார். அது பிளப்பதும் கோணுவதும் அவருக்குச் சிற்பத்தில் சேர்த்தி. புயலில் சாய்ந்தது, நோய் விழுந்தது, வெட்டியே ஆகவேண்டியது என்றால்தான் மரத்தைச் செதுக்க எடுப்பார்.

1945இல் இங்கிலாந்தில் பிறந்தவர், இளவயதிலேயே வேல்ஸில் சிலேட்டுக்கல் வெட்டும் பிளைனை ஃபெஸ்டினியோக் ஊருக்குக் குடிபோனார். பழைய தேவாலயம் ஒன்றைப் பட்டறையாக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

1978இல் ஓக் மரத்தில் பெரிய உருண்டை ஒன்றைச் செதுக்கினார். பட்டறைக்குக் கொண்டுபோக ஓடையில் உருட்டிவிட, அது அருவியில் சிக்கிக்கொண்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வெள்ளம் வரும்போதெல்லாம் அது கொஞ்சம் நகரும். அவர் போய்ப் படம் எடுப்பார். 2003 வாக்கில் கழிமுகத்தை எட்டிக் காணாமல் போனது. பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைகாட்டியது.

என்னை அதிகம் பாதித்தது 1977இல் அவர் வட்டமாக நட்ட 22 ஆஷ் மரக்கன்றுகள். முதலில் வைத்தவற்றை ஆடுகள் மேய்ந்துவிட்டன. வேலி போட்டு மறுபடி நட்டார். தண்டில் அரைவெட்டு வெட்டி வளைத்து, கிளை கழித்து, அடுத்த நூற்றாண்டில் ஒரு குவிமாடமாக நிற்கட்டும் என்று வளர்த்தார். நின்றது. பிறகு ஐரோப்பாவின் ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் அதையும் பிடித்தது. அவர் பட்டமரங்களை அகற்றவில்லை. சுற்றி ஓக் கன்றுகளை நட்டார்.

சிற்பம் தோற்றுவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். இயற்கையோடு வேலை செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், நோயும் அந்த வேலையில் உண்டு. நாஷின் பெருமை வடிவத்தில் மட்டும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே மரங்களிடம் திரும்பத் திரும்பப் போனாரே, அதில் இருக்கிறது.

சுற்றுச்சூழல் சிற்பங்களுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் திறப்பு விழாவோடு கணக்கை முடித்துவிடுகின்றன. முப்பது ஆண்டு கழித்து வேலியைச் சரிசெய்வது யார், கிளை கழிப்பது யார், அதற்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் கன்று நடாதீர்கள்.