நசுக்கினால் அடி விழாது

வீட்டு ஸ்டுடியோக்காரர்களிடையே ஒரு வேதவாக்கு உலவுகிறது. ட்ரம்ஸில் பஞ்ச் இல்லையா, கம்ப்ரஸரைப் போடு. போட்டும் பலனில்லையா, இன்னும் அழுத்து. அதற்கும் அசையவில்லையா, வேறு கம்ப்ரஸர் வாங்கு. சூப்பீரியர் ட்ரம்மர், அடிக்டிவ் ட்ரம்ஸ் என்று காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ட்ரம்ஸ் மிக்ஸுக்குள் போனதும் பதுங்கிவிட்டால், எல்லாரும் எழுதித் தரும் ஒரே மருந்துச்சீட்டு இதுதான். நோயை வளர்க்கும் மருந்து இது.

கம்ப்ரஸர் ஒலியைத் தணிக்கும் கருவி. த்ரெஷோல்டைத் தாண்டுகிற ஒலியைப் பிடித்து இறக்குவதே அதன் வேலை. ட்ரம்ஸில் முதலில் தாண்டுவது எது? குச்சி தோலில் படும் முதல் சில மில்லிசெகண்ட். அடி விழுந்ததாக நாம் உணர்வதும் அதைத்தான். ஆக, அடி வேண்டும் என்கிறவர் அந்த அடியையே அடக்கும் கருவியிடம் போய் நிற்கிறார்.

சந்தேகமிருந்தால் ஒரு ஸ்னேரை மட்டும் தனியாகப் போட்டுக் கேளுங்கள். ரேஷியோ 4:1, ரிலீஸ் 100 மில்லிசெகண்ட், மீட்டர் 6 டெசிபல் இறங்கும் அளவுக்கு த்ரெஷோல்ட். அட்டாக்கை, அதாவது கம்ப்ரஸர் ஒலியை இறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை, 30 மில்லிசெகண்டில் வைத்தால் குச்சியின் ‘டக்’ பெரும்பாலும் தப்பித்துவிடும். பின்னால் வரும் முழக்கமும் கம்பிகளின் சலசலப்பும்தான் தணியும். அதனால் ‘டக்’ தூக்கலாகத் தெரியும். இப்போது வேறெதையும் தொடாமல் அட்டாக்கை மட்டும் 0.1 மில்லிசெகண்டுக்கு இறக்குங்கள். ‘டக்’ மழுங்கி ‘தப்’ என்றாகும். ஸ்னேர் பாடகரின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதே பிளகின், அதே ரேஷியோ, ஒரே ஒரு குமிழ்தான் நகர்ந்தது. அப்படியிருக்க, ‘கம்ப்ரஸர் பஞ்ச் தரும்’ என்று மொட்டையாகச் சொல்வதற்கு என்ன பொருள்?

1967-இல் வந்த 1176 கம்ப்ரஸரின் பிளகின் நகல் இன்று பல வீட்டு ஸ்டுடியோக்களில் இருக்கிறது. அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்ட் வரைதான். மிக மெதுவான நிலையில்கூட ஒரு மில்லிசெகண்டை எட்டாது. போதாததற்கு, அதன் குமிழ் தலைகீழ். எண் ஏற ஏற வேகம் கூடும்: 1 மிக மெதுவு, 7 மிக வேகம். மற்ற கம்ப்ரஸர்களில் பழகிய கையோடு 7-இல் வைத்துவிட்டு, மெதுவாக வைத்திருக்கிறோம் என்று நம்புகிறவர்கள் ஸ்னேரை முளையிலேயே கிள்ளுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த நம்பிக்கை சாகாததற்குக் காரணம் மேக்கப் கெயின், அதாவது இறக்கிய ஒலியை ஈடுகட்ட மீண்டும் ஏற்றுவது. பிளகினைப் போட்டதும் ஒலி ஓரிரண்டு டெசிபல் ஏறிவிடுகிறது. சத்தம் கூடினாலே காது ‘ஆகா’ என்கிறது. போடுவதற்கு முன்னும் பின்னும் ஒலி அளவைச் சமமாக்கிவிட்டு, பைபாஸை அமுக்கி அமுக்கிக் கேளுங்கள். பாதி ‘பஞ்ச்’ அங்கேயே காணாமல் போகும்.

‘பெரிய எஞ்சினியர்கள் எல்லாரும் கம்ப்ரஸ் செய்கிறார்களே?’ என்று கேட்பார்கள். செய்கிறார்கள்தான். அடிக்கு அடி பலம் மாறும் மனிதக் கையை ஒரு நிலைக்குக் கொண்டுவரச் செய்கிறார்கள். அல்லது நசுக்கிய நகலொன்றை அசலுக்கு அடியில் மெல்லக் கலக்கிறார்கள். அசல் அடி அப்படியே இருக்கும். நம் கையில் இருக்கும் கிட்களோ பல நேரங்களில் ஈக்யூவும் கம்ப்ரஷனும் ஏற்கெனவே பூசப்பட்டே வருகின்றன. அவற்றை மறுபடி அழுத்தினால் சக்கைதான் மிஞ்சும்.

பலவீனத்தின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. முதலாவது வெலாசிட்டி. மிடியில் அடியின் பலம் 1 முதல் 127 வரை. நல்ல ட்ரம் ஒலி நூலகங்களில் மென்மையான அடிக்கும் ஓங்கிய அடிக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. 70-இல் எழுதிய ஸ்னேர், மெதுவாகத் தட்டிய ஸ்னேர். ஓங்கி அடித்தபோது பிறக்கும் கூர்மை அந்தப் பதிவிலேயே இல்லை. இல்லாததை எந்த பிளகின் கொண்டுவரும்? எல்லாவற்றையும் 127-இல் வைப்பதும் தீர்வல்ல. மேடு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் பள்ளம் வேண்டும்.

இரண்டாவது ரூம் மைக். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகும். நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கில் அதே அடி 12 மில்லிசெகண்ட் பிந்தி விழுகிறது. ட்ரம்ஸ் முழுவதையும் ஒரே பஸ்ஸில் போட்டு நசுக்கும்போது, ட்ரம்முக்கு அருகிலுள்ள மைக்கின் அடி இறங்கி, இந்தப் பிந்திய ஒலி மேலே வருகிறது; அடியின் முனை கரைகிறது. ரூம் ஃபேடரை மூன்று டெசிபல் இறக்கினாலே பல மிக்ஸ்கள் தெளிந்துவிடும்.

மூன்றாவது நெரிசல். கிக் விழும் அதே நொடியில் பேஸ் கிட்டாரும் அதே தாழ்ந்த அலைவரிசையில் முழங்கினால், கிக்கை எவ்வளவு ஏற்றினாலும் தெளியாது. பேஸை அந்த நொடியில் சற்று ஒதுக்க வேண்டும். அட்டாக்கை மட்டும் தூக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே பிறந்தது ட்ரான்சியன்ட் டிசைனர். எஸ்பிஎல் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த அந்தக் கருவியில் த்ரெஷோல்டே கிடையாது. அட்டாக், சஸ்டெய்ன் என்று இரண்டே குமிழ்கள்.

நசுக்கியதன் விளைவை உலகமே ஒருமுறை கேட்டது. 2008-இல் வந்த மெட்டாலிக்கா இசைக்குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ சிடி அளவுக்கு மீறி அழுத்தப்பட்டு, ட்ரம்ஸ் உடைந்து கேட்டது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் அந்த அழுத்தமில்லாமல் வந்தன. இரண்டையும் ஒப்பிட்ட ரசிகர்கள் மறு மிக்ஸ் கேட்டுக் கையெழுத்தே திரட்டினார்கள். இன்று ஸ்பாட்டிஃபையின் இயல்பு அமைப்பு, சத்தமான பாடலை -14 லஃப்ஸ் (கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கிவிடுகிறது. நசுக்கிச் சேர்த்த சத்தம் பறிபோகும். இழந்த அடி திரும்பாது.

ஆகவே அடுத்த பாட்டில் கம்ப்ரஸரைக் கடைசியாகத் திறங்கள். முதலில் வெலாசிட்டி, அடுத்து ரூம், பிறகு பேஸ். அதன் பிறகும் தேவைப்பட்டால் அட்டாக்கை 30-இல் தொடங்கி மெல்லக் கீழே இறக்குங்கள். ‘டக்’ மழுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஓரடி பின்வாங்குங்கள். புது பிளகினுக்கு எடுத்து வைத்த காசு பெரும்பாலும் மிச்சமாகும்.