ஹெட்ஸ்பேஸ்: தலைமுடி கனத்தை ஏன் அளக்கணும்?

வீரபாண்டி பனியன் கம்பெனிகளில் துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம் சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. ஆனாலும் கட்டிங்குக்கு முன்னால், வட்டமாக வெட்டி எடை போட்டுத்தான் பார்ப்பார்கள். கைக்கணக்கை நம்பி ஆர்டர் அனுப்ப முடியாதே!

துப்பாக்கி சுடுதலிலும் இதே கதைதான். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டியில், 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ. அதில் சுடுவது பாயின்ட் 22 தோட்டா. போல்ட்டை மூடியதும் தோட்டாவின் அடி விளிம்புக்குக் கிடைக்கும் இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ்.

அளப்பது எளிது. 0.043 அங்குல ‘கோ’ கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.046 அங்குல ‘நோ-கோ’ கேஜுக்கு மூடக் கூடாது. வித்தியாசம் ஒரு தலைமுடி கனம். அதற்கு மேல் போனால் தோட்டா சீராக வெடிக்காது. ரொம்ப மோசமானால் கூடு கிழிந்து கண்ணுக்கே ஆபத்து.

குறி விலகினால் புது ரைபிள் வாங்கத் தோன்றும். லட்சங்களை எடுக்கும் முன் கேஜை எடுங்கள். பலர் மாறி மாறிச் சுடும் கிளப் துப்பாக்கிகளை ஆர்மரரை வைத்து அளந்து பதிவேட்டில் எழுதுவது கட்டாயமாக வேண்டும்.