சுரண்டிய தார் குப்பையல்ல

“பழைய தாரைச் சுரண்டி அதையே திரும்பக் கொட்டுறான், மிச்சத்தை அமுக்கிடுறான்.” செம்மங்குப்பத்து டீக்கடையானாலும் சிதம்பரம் பேருந்து நிலையமானாலும், ரோடு வேலை என்றால் இந்தப் பேச்சுதான். புது ஜல்லி, புதுத் தார், பழைய சாலையின் தலைமேல் இன்னோர் அடுக்கு என்றால்தான் நல்ல ரோடு என்று நம்புகிறோம். இது பிழையான நம்பிக்கை. நமக்கே கேடு செய்கிறது.

தார்ச்சாலையில் தார் என்பது எடையில் ஏறக்குறைய 5 சதவீதம்தான், மற்றதெல்லாம் கல். கருங்கல்லுக்கு இருபது வருஷத்தில் மூப்பு வராது. தார்தான் வெயிலிலும் காற்றிலும் எண்ணெய்ப்பசை இழந்து இறுகுகிறது. அளவறிந்து இளகிய புதுத் தாரோ புத்துயிரூட்டும் எண்ணெயோ சேர்த்தால் மறுபடி பிடிக்கும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா இதைப் பெருமளவில் செய்துவருகிறது. இந்தியச் சாலைப் பேரவையும் 2015லேயே ‘ஐஆர்சி 120’ என்று தனி விதிநூல் வெளியிட்டுவிட்டது.

கணக்குப் பாருங்கள். 7 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் சுரண்டினால் சுமார் 650 டன் கிடைக்கும்; அதில் 30 டன்னுக்கு மேல் தார். நம் கடலூர்க் கரையோர மண்ணில் கருங்கல் இல்லை. வெளியூர் மலையை உடைத்துத்தான் லாரியில் கொண்டுவரவேண்டும். தாரிலும் கணிசமான பங்கு இறக்குமதி.

மேலுக்குமேல் போடும் ரோட்டால் என்ன லாபம்? சாலை ஏற ஏற வாசல் பள்ளமாகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அதனால்தான் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு போடவேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார்.

மக்களின் சந்தேகத்தில் நியாயமே இல்லையா? உண்டு. சுரண்டியதைச் சலித்து, சோதித்து, பிளான்டில் முறையாகக் கலக்காமல் அள்ளிக் கொட்டினால் ரோடு பெயரும். ஆனால் அது செய்பவரின் குற்றம். பழைய தாரின் குற்றம் அல்ல.

ஆகவே, “ஏன் பழையதைப் போடுகிறாய்?” என்று கேட்பதை விடுவோம். சுரண்டியது எத்தனை டன், எங்கே போனது, கலவையில் எவ்வளவு சேர்ந்தது, சோதனை அறிக்கை எங்கே என்று கேட்போம். அது நம் வரிப்பணத்தில் வாங்கிய கல், நம் வரிப்பணத்தில் வாங்கிய தார். கணக்கு கேட்க நமக்கு உரிமை உண்டு.